கொலையுண்டவர் வீட்டுத் துக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மலேசிய இந்திய இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார் என்ற செய்தி வரும்போதெல்லாம், தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் குண்டர் கும்பலைப் பற்றியும், மதுவைப் பற்றியும், பெற்றோரின் வளர்ப்பைப் பற்றியும், தலைவர்களின் கையாலாகாத்தனத்தைப் பற்றியும் கடிதங்கள் வருகின்றன. அவற்றுள் பல நியாயமானவை. ஆனால் பிணம் எடுத்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது, பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் எப்படி மீள்கிறார்கள், அல்லது மீளாமலே போகிறார்கள் என்பதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்த நினைவில்லை. சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நிறைந்த ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), மரண சகாயச் சங்கத்தின் செயலாளராக நான் நெடுங்காலமாக இருந்து வருகிறேன். சாவு வீட்டுக்கு முதலில் போகிறவர்களுள் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் தாமானில் வயதாகியோ நோயுற்றோ ஒருவர் இறந்தால், செய்ய வேண்டியதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சற்று நேரத்தில் கூடாரம் வந்துவிடும். கோயிலிலிருந்து நாற்காலிகள் வரும். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து வரக்கோப்பி போட்டுவிடுவார்கள். பழைய தோட்டத்து ஆட்கள் இப்போது எந்த ஊரில் இருந்தாலும், எடுப்பதற்கு முன் வந்து சேர்ந்துவிடுவார்கள். கொலை நடந்த வீட்டில் இந்த ஒழுங்கு அத்தனையும் குலைந்துவிடுகிறது. சவப்பரிசோதனை முடிந்து உடல் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிடைத்தாலும், பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார்கள். குளிப்பாட்டி, நீறு பூசி, வாய்க்கரிசி போட்டு வழியனுப்பும் கடமைகளில் ஒன்றைக்கூடப் பெற்றவளால் முறையாகச் செய்ய முடிவதில்லை. தெருமுனையில் போலீஸ் வாகனம் நிற்கும். யார் எவரென்று தெரியாத இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்து கும்பலாக நிற்பார்கள். அவர்களைக் கண்டு அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வருகிற சிலரும் வாசலோடு நின்று, "எந்த குரூப்பாம்?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் நான் கண்டது இது. கூடாரத்தின் கீழ்ப் போட்டிருந்த நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன. இறந்த பையனின் தாயார், வந்து அமர்ந்த ஒவ்வொருவரிடமும் மடித்து வைத்திருந்த ஒரு தாளை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அது அவனுடைய சம்பளச் சீட்டு. தொழிற்சாலையின் முத்திரையும், அவன் செய்த கூடுதல் நேர வேலைக்கான தொகையும் அதில் இருந்தன. "என் புள்ள வேலைக்குப் போனவன்யா, பாருங்க" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை. அழுவதற்கு முன்னால், தன் மகன் அழப்படத் தகுதியானவன் என்று ஊருக்கு நிரூபிக்க வேண்டிய நிலைக்கு ஒரு தாயை நாம் தள்ளிவிட்டிருக்கிறோம்.

அந்த வீட்டுக்கு உதவித்தொகை கொடுப்பது பற்றி எங்கள் சங்கத்திலேயே வாக்குவாதம் எழுந்தது. சமூக விரோதச் செயலில் ஈடுபட்டு இறப்போரின் குடும்பத்துக்கு நிதி இல்லை என்று பழைய விதி ஒன்று இருந்தது. அதைச் சிலர் கையில் எடுத்தனர். இறந்தவன்மேல் போலீஸ் எந்தக் குற்றமும் சாட்டவில்லை. தகப்பனாரோ சந்தாவை ஒரு மாதமும் தவறவிட்டவரல்லர். அப்படியிருக்க, அந்தச் சாவு எந்த வகையைச் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார் என்று வேறு சிலர் கேட்டோம். முன்பு தோட்டத்தில் மண்டோராக (வேலை மேற்பார்வையாளராக) இருந்த ஒரு பெரியவர், "குடிச்சுப்புட்டுக் கால்வாயில விழுந்து செத்தவனையும் தோட்டத்துல நாமதானய்யா தூக்குனோம்" என்று சொன்னதும் கூட்டம் சற்று அடங்கியது. தொகை கொடுக்கப்பட்டது, அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அந்த விதியும் நீக்கப்பட்டது. அதற்காகச் சங்கத்தை விட்டு விலகியவர்களும் உண்டு.

அவர்களின் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, அவற்றின் 40,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இந்தியர்கள் என்று கூறப்பட்டது. நாட்டின் குடிமக்களில் ஏழு விழுக்காட்டை எட்டாத ஒரு சமூகத்துக்கு இது பேரிடி. ஆயினும் அந்தக் கணக்கு வந்த நாளிலிருந்து, வெட்டுப்பட்டுச் சாகிற ஒவ்வொரு இந்திய இளைஞனும் விசாரணைக்கு முன்பே அந்த எழுபது விழுக்காட்டில் சேர்க்கப்பட்டுவிடுகிறான். வழியில் போனவன், சண்டையை விலக்கப் போனவன், ஆள் மாறி வெட்டப்பட்டவன் என்ற வேறுபாடெல்லாம் யார் காதிலும் ஏறுவதில்லை. உண்மையிலேயே கும்பலில் இருந்தவன் என்றே வைத்துக்கொண்டாலும், அவனுடைய தங்கைக்கு அண்ணன் போனது போனதுதானே?

எங்கள் ஊருக்கு வன்முறையும் புதிதல்ல. யாருடைய சாவு நினைக்கப்படும், யாருடையது மறக்கப்படும் என்ற பாகுபாடும் புதிதல்ல. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக 1960 வரை நீடித்த அவசரகாலம் தொடங்கியது. அம்மூவரின் பெயர்களும் வரலாற்று நூல்களில் உள்ளன. பத்து காஜா கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்குக் கல்லறைகளும் உள்ளன. அது முறையானதே. அதே 1948ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஆயுதம் ஏந்தாத 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு பொது விசாரணை கேட்டு இலண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்; 2015ஆம் ஆண்டு நவம்பரில் அக்கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் பெயரில் ஒட்டிய களங்கத்தைத் துடைப்பதற்காக ஒரு சமூகம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் போராட வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது, அந்தத் தாயார் கையிலிருந்த சம்பளச் சீட்டே எனக்கு நினைவுக்கு வருகிறது.

நம்மவர் கணக்கு இன்னும் நீளமானது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்டு அங்கேயே மாண்ட தமிழர்களுக்குப் பிணமும் இல்லை, கருமாதியும் இல்லை. அந்தப் பாதையோரம், இன்றைய தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வரிசை வரிசையாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நம் ஆட்களுக்குத் தனிக் கல்லறை கிடையாது. அவர்கள் நினைவாக அங்கே ஒரு நடுகல் எழும்ப 2023 மே மாதம் வரை, அதாவது எண்பது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. தொழிற்சங்கத் தலைவர்களான இருவருள், 1949 மே மாதத்தில் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டதும், அதற்கு முந்திய நாள் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டதும் இன்று எத்தனை இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தெரியும்? 2001 மார்ச் மாதம் கம்போங் மேடான் வட்டாரத்தில் நடந்த வன்செயலில் ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். சுயேச்சையான பொது விசாரணை வேண்டும் என்று அப்போது எழுந்த குரல் இறுதிவரை ஏற்கப்படவில்லை. நடந்தது இதுதான் என்று அதிகாரத்தில் உள்ளவர்கள் வாய் திறந்து சொல்லாதவரை, இறந்தவரின் வீட்டார் துக்கத்தை முடித்துக்கொள்ள முடிவதில்லை. தடுப்புக் காவலில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரைக் கேட்டால் இதையே சொல்வார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆம் பிரிவு காவலில் நிகழும் மரணத்துக்கு விசாரணையைக் கட்டாயமாக்கியிருந்தும், அந்த விசாரணைக்காக ஆண்டுக்கணக்கில் அலைவதே அவர்களுக்குப் பிழைப்பாகிவிடுகிறது.

நம் பெரியவர்களுக்கு இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு இருந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தோட்டத்துக் கோயில்களில் நாம் கும்பிடும் மதுரை வீரன் யார்? கள்வன் என்று பழி சுமத்தப்பட்டு, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு உயிர் விட்டவர். அரசன் தண்டித்தவன் ஆயிற்றே என்று மக்கள் ஒதுங்கிப் போகவில்லை. கல் நட்டார்கள், படையல் வைத்தார்கள், கப்பலேறி வந்தபோது அவரையும் கூடவே கொண்டுவந்து பால்மரக் காட்டு எல்லையில் நிறுத்தினார்கள். அநியாயமாய்ப் போன உயிரை அமைதிப்படுத்த வேண்டியது அந்தக் குடும்பத்தின் வேலை மட்டுமன்று, ஊரின் வேலை என்பது அவர்கள் கொள்கை. ஒப்பாரியும் அப்படித்தான் இருந்தது. கொன்றவனைச் சபிப்பதும், காப்பாற்றாத தெய்வத்தை ஏசுவதும், போனவனோடு சண்டை போடுவதும் அந்தப் பாட்டில் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தன. இன்று மலிவு விலை அடுக்ககத்தில் ஒலிபெருக்கியில் திருமுறைப் பதிவைப் போட்டுவிட்டு, சத்தம் போடாதே அம்மா, மேல்மாடிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர்களை அடக்குகிறோம். திருமுறைக்கு நான் எதிரியல்லன். வாய்விட்டு அழ வேண்டிய இடத்தில் அதைத் திரையாகத் தொங்கவிடுவதைத்தான் குறை சொல்கிறேன்.

இந்தத் துக்கத்துக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. பெரும்பாலும் கொன்றவனும் அயலான் அல்லன். எனக்குத் தெரிந்த ஒரு வழக்கில், இறந்தவனும் குற்றஞ்சாட்டப்பட்டவனும் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். அவர்களின் தாய்மார் இருவரும் ஒரே வெளிக்காட்டில் பால் வெட்டியவர்கள். நீதிமன்றத்தின் வெளித்தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சின் இரு முனைகளில் இருவரும் அமர்ந்திருந்ததை நான் பார்த்தேன். உள்ளே நடப்பதெல்லாம் மலாயில். மொழிபெயர்ப்பாளர் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் உண்டு. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றவளுக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஆளில்லை. இரசாயன அறிக்கை வரவில்லை, சவப்பரிசோதனை அறிக்கை வரவில்லை என்று வழக்கு தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும், அவனை விட்டுவிட்டார்களோ என்ற பீதியோடு அந்த அம்மாள் வெளியே வருவார். அன்றைக்குக் கூலியும் போயிருக்கும்.

அந்தப் பெஞ்சில் அமர்ந்திருந்தவர்களிடம் யாரும் சொல்லாத ஒரு செய்தி சட்டத்தில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவின்படி, தண்டனை விதிப்பதற்கு முன், பாதிக்கப்பட்டவரின் குடும்பம் கேட்டுக்கொண்டால், அக்குற்றம் தங்களை எப்படிப் பாதித்தது என்று அவர்களுள் ஒருவர் நீதிமன்றத்தில் கூற நீதிபதி அழைக்க வேண்டும். நேரில் வர இயலாதவரின் எழுத்து வாக்குமூலத்தையும் நீதிமன்றம் ஏற்கலாம். முன்பு கொலைக்கு மரண தண்டனை கட்டாயமாக இருந்ததால், குடும்பத்தார் எதைச் சொன்னாலும் தண்டனை மாறாது. 2023 ஜூலை 4 முதல் அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. மரண தண்டனையா, அல்லது 30 முதல் 40 ஆண்டு வரையிலான சிறையும் பிரம்படியுமா என்பதை இப்போது நீதிபதியே முடிவு செய்கிறார். ஆகவே அந்தத் தாயின் சொல்லுக்கு இன்று எடை உண்டு. ஆனால் குடும்பம் கேட்டால்தான் அந்த வாய்ப்பு. இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் எங்கே போய்க் கேட்பார்கள்?

கொலையை நேரடியாகக் கண்ட ஏழைச் சமூகங்கள் பிற நாடுகளில் என்ன செய்கின்றன என்று பார்க்கும்போது, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கறுப்பினத் தாய் ஒருவர் தொடங்கிய நிலையம் என்னை மிகவும் கவர்ந்தது. 1993 டிசம்பரில் அவருடைய 15 வயது மகன், தனக்குச் சம்பந்தமே இல்லாத இரு தரப்பின் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே சிக்கி இறந்தான். மறு ஆண்டே மகன் பெயரில் லூயிஸ் டி. பிரௌன் அமைதி நிலையத்தை அவர் நிறுவினார். பிள்ளையை இழந்த குடும்பத்தின் வீட்டுக்கே போய், சவ அடக்கத்தை ஏற்பாடு செய்வது முதல், உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, நீதிமன்ற நடைமுறையைப் புரியவைப்பது வரை கூட நிற்பதுதான் அவர்கள் வேலை. குற்றவாளியின் குடும்பத்தையும் அவர்கள் ஒதுக்குவதில்லை. 1996 முதல் ஆண்டுதோறும் அன்னையர் தினத்தில் ஊர்வலமாக நடக்கிறார்கள். இதில் நம்மால் செய்ய முடியாதது எது? எங்கள் சங்கங்கள் பணத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பும் இடத்திலிருந்துதான் அவர்கள் வேலையே தொடங்குகிறது.

அதே நாட்டில், 2015 ஜூன் 17ஆம் நாள் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் வழிபாட்டுக்கு வந்த கறுப்பினத்தவர் ஒன்பது பேரை நிறவெறி பிடித்த இளைஞன் ஒருவன் சுட்டுக் கொன்றான். இரண்டே நாளில், நீதிமன்றத்தில் அவனை நோக்கி, உன்னை மன்னித்துவிட்டோம் என்றார்கள் குடும்பத்தார் சிலர். உலகம் வியந்தது. அந்த மனத்தை நானும் வணங்குகிறேன். ஆனால் அது எல்லாரும் எட்ட வேண்டிய எல்லைக்கோடு என்று ஆகிவிடக் கூடாது. நம் பக்கத்திலும் பதினாறாம் நாளுக்குள், எல்லாம் விதி, போன பிறவி வினை, மறந்துவிட்டு ஆக வேண்டியதைப் பாருங்கள் என்று உபதேசம் செய்ய வருகிறவர்கள் உண்டு. அவர்கள் வாயை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருபவர்கள் கூடப்பிறந்த பையன்கள். மேலே சொன்ன சம்பளச் சீட்டுக்காரனின் தம்பி அப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று படித்துக்கொண்டிருந்தான். குற்றஞ்சாட்டப்பட்டவன் வீடு இரண்டு சந்து தள்ளி இருந்ததால், சுற்றுவழியாகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான். பிறகு போவதையே நிறுத்திவிட்டான். கொலையான பையனின் படம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பரவி வகுப்பு வரைக்கும் வந்துவிட்டதாம். அவன் வீட்டுக்கு நாங்கள் யாரும் போகாத நாள்களில், அண்ணனின் கூட்டாளிகள் என்று சொல்லிக்கொண்டு சிலர் தவறாமல் போனார்கள். சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள், மோட்டாரில் கூட்டிப்போனார்கள், அண்ணனுக்காக அழுதார்கள். அழுததோடு, செய்ய வேண்டியதையும் காதில் ஓதினார்கள். துக்கம் விசாரிக்க ஊர் போகாத வீட்டுக்குக் கும்பல் போகிறது. அடுத்த கொலை எங்கே விதைக்கப்படுகிறது என்று ஆராய்ச்சி செய்வோர் அந்தத் திண்ணையில் வந்து பார்க்கட்டும். அந்தப் பையனைப் பள்ளியின் ஆலோசக ஆசிரியர் ஒருவர் விடாமல் தேடிப் போய் மீட்டு வந்தார். இப்போது ஒரு தொழிற்பயிற்சிக் கழகத்தில் படிக்கிறான். எல்லாப் பள்ளிக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. மனநலத்துக்காகச் சுகாதார அமைச்சு நடத்தும் 15555 என்ற தொலைபேசிச் சேவை இருப்பதுகூட எங்கள் தாமானில் பலருக்குத் தெரியாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை செய்து சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர் எந்தக் காரணத்தால் இறந்தாலும், தகுதிக்குரிய சந்தா இருந்தால், சார்ந்திருப்போருக்கு ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. கொலை என்றால் எதுவும் கிடைக்காது என்று எண்ணி விண்ணப்பிக்காமலே விட்ட குடும்பங்களை நான் அறிவேன். ஊழியர் சேமநிதியும் அப்படியே. நாள்கூலிக்குப் போனவர்களுக்கு இந்த இரண்டுமே இல்லை என்பது வேறு கதை.

இப்போது தங்கள் நாளிதழிடம் என் வேண்டுகோளுக்கு வருகிறேன். கொலையுண்டவரின் உடல் கிடக்கும் படத்தை, முகத்தை மறைத்துக்கூட, தயவுசெய்து வெளியிடாதீர்கள். அந்தச் செருப்பையும் சட்டையையும் வைத்தே வீட்டார் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். இறந்தவர் கும்பலைச் சேர்ந்தவர் என்று போலீஸ் சந்தேகிப்பதைத் தலைப்பில் தீர்ப்பாக எழுதாதீர்கள். கொலை நடந்த மறுநாள் முதல் பக்கத்தில் வந்த செய்தி, வழக்கு உயர் நீதிமன்றத்தை அடையும்போது காணாமற்போய்விடுகிறது. நிருபர் ஒருவர் தீர்ப்பு வரை அதைப் பின்தொடர்ந்து எழுதினால், பின்வரிசையில் மொழி புரியாமல் அமர்ந்திருப்பவர்களுக்கு அதுவே மொழிபெயர்ப்பாக அமையும். 183ஏ பிரிவின்கீழ் எப்படி விண்ணப்பிப்பது, அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் யார், எப்போது பேச வேண்டும் என்ற விளக்கத்தை எளிய தமிழில் எழுதித் தர ஈப்போவிலுள்ள வழக்கறிஞர் ஒருவர் இசைந்திருக்கிறார். மரண அறிவித்தல் பக்கத்திலேயே அதற்கு மாதம் ஒரு முறை சிறிது இடம் ஒதுக்க முடியுமானால், எங்கள் சங்கத்தின் செலவில் அதைத் தயாரித்து அனுப்பி வைக்கிறோம். தங்கள் மறுமொழியை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்,
மரண சகாயச் சங்கம்,
சுங்கை சிப்புட் (வடக்கு), பேராக்.